பேக்கிங் பலகையில் அங்குலத்துக்கு 34 வளையம்: இது குளிரா, வறட்சியா?

தச்சுப்பட்டறை (திருநகர்)

கப்பலூர் பக்கம் கழித்துப் போட்ட பாலெட்டை (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) உடைத்ததில் வந்த பலகை. 100 மி.மீ. அகலம், 22 மி.மீ. கனம். கட்டையில் சூட்டு முத்திரை இருக்கு: ஒரு கோதுமைக் கதிர், பக்கத்தில் எப்.ஐ., கீழே எச்.டி. முனையைச் சீவிவிட்டு லென்ஸில் எண்ணினால் ஒரு அங்குலத்துக்குள் 34 கோடு. பக்கத்தில் வைத்த நியூசிலாந்து பைனில் அதே அங்குலத்துக்கு மூணே கோடுதான். ரெண்டையும் பைன் என்றுதான் விற்கிறார்கள்.

கேள்வி மூணு. ஒரு கோடு ஒரு வருஷம் என்று நம்பி எண்ணலாமா? ஏன் இவ்வளவு நெருக்கம்? உலகம் சூடாவதால் இனி அந்த ஊர் மரமும் வேகமாகப் பெருத்து, இந்த மாதிரி நெருக்க ரேகைக் கட்டையே வராமல் போய்விடுமா?

மரவளையம்

முதலில் முத்திரை. எப்.ஐ. என்றால் பின்லாந்து. எச்.டி. என்றால் கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரிக்கு ஏற்றி, விடாமல் 30 நிமிஷம் வைத்திருக்கிறார்கள், பூச்சி சாவதற்காக. ஆனால் அந்த நாட்டு எழுத்து சூடேற்றிய இடத்தைத்தான் சொல்லும், மரம் நின்ற காட்டைச் சொல்லாது. பின்லாந்தில் பதப்படுத்திய கட்டை பக்கத்து நாட்டிலிருந்து போனதாகவும் இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

குளிர்நாட்டு ஊசியிலை மரத்தில் ஒரு வளையம் ஒரு வருஷம்தான். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ரெண்டு பட்டை இருக்கும். உள்பக்கம் வெளிறிய அகலப் பட்டை முன்பருவக் கட்டை: பெரிய வாய், மெல்லிய சுவர் உள்ள செல்கள், தண்ணீர் ஏற்றுவதற்கு. வெளிப்பக்கம் அடர்ந்த பழுப்புப் பட்டை பின்பருவக் கட்டை: சின்ன வாய், தடித்த சுவர். பழுப்பு முடிந்து வெளிறல் சட்டென்று தொடங்கும் அந்தக் கூரான எல்லைதான் அங்கே குளிர்காலம். நீங்க எண்ணிய கோடு அதுதான்.

நெருக்கத்துக்குக் காரணம், மரம் வேலை செய்யும் நாள் குறைவு. வடக்குக் காட்டில் மரப்பட்டைக்கு அடியில் இருக்கும் கேம்பியம் என்ற வளர்படலம் கட்டை செல் உருவாக்க, நாள் சராசரி வெப்பம் ஏறத்தாழ 8–9 டிகிரியைத் தொடணும். ஜூனில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்துவிடும். வருஷத்தில் மிச்ச ஒன்பது மாதமும் உறக்கம். மரம் வளரக்கூடிய வடக்கு எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் பைன் ஒரு வருஷத்தில் அரை மில்லிமீட்டர்கூடப் பெருக்காது. உங்க கட்டையின் சராசரி 25.4-ஐ 34-ஆல் வகுத்தால் 0.75 மி.மீ. வடக்குக் காட்டுக்கு இது வழக்கமான அளவுதான்.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. குளிரில் இலை உணவு தயாரிக்க முடியாததால் மரம் வளரவில்லை என்பார்கள். அது முழு உண்மை இல்லை. ஊசியிலை பூஜ்யத்தை ஒட்டிய குளிரிலும் ஓரளவு ஒளிச்சேர்க்கை செய்யும். 5 டிகிரிக்குக் கீழே நின்றுபோவது செல் பிரிவதும் சுவர் கட்டுவதும். சர்க்கரை கையில் இருக்கும், அதைக் கட்டையாக்க ஆள் இருக்காது. செங்கல் குவிந்து கிடந்தும் கொத்தனார் வராத கதை.

கட்டைக்கணக்கு

மரவளையம் சொல்வது சரி, ஆனால் அளக்கிற விதத்தில் முக்கால்வாசிப் பேர் ஏமாந்துபோகிறார்கள். பலகையின் முகத்தில் தெரியும் ரேகையை அளக்கவே கூடாது. மட்டமாக அறுத்த பலகையில் ஒரு மில்லிமீட்டர் வளையம் முகத்தில் ஒரு அங்குலமாக விரிந்து தெரியும். முனையில்தான் அளக்கணும், அதுவும் வளையத்துக்கு நேர் செங்குத்தாக. ஸ்கேல் 60 டிகிரி சாய்ந்தால் அகலம் ரெண்டு மடங்காகக் காட்டும்.

முனையைத் தயார் பண்ணும் முறை: நுண் பல் ரம்பத்தால் முனையில் ரெண்டு செ.மீ. வெட்டித் தள்ளுங்க. ஏற்கெனவே இருக்கும் வெட்டு பிசிறும் அழுக்குமாக இருக்கும். பிறகு உப்புத்தாள் 120-ல் தொடங்கி 220, 320, 400, 600. ஒவ்வொரு தாளிலும் முந்தைய தாளின் கீறல் முழுக்கப் போனபிறகுதான் அடுத்ததுக்குப் போகணும். 120-ஐ அவசரமாக முடித்தால் 600 போட்டாலும் அந்தக் கீறல் வளையம் மாதிரியே தெரியும். மாற்றும்போது தூசியைத் துடைச்சு ஊதிவிடுங்க. பைனில் பிசின் இருக்கு, தாள் சூடானால் பிசின் உருகி செல் வாயை அடைத்துவிடும். அழுத்தித் தேய்க்காதீங்க, தாளை அடிக்கடி மாத்துங்க.

மிஷின் இல்லையென்றால் இன்னும் நல்ல வழி: முனையை ஈரத்துணியால் பத்து நிமிஷம் மூடி வைத்து, புது பிளேடால் 3 மி.மீ. அகலத்தில் ஒரே இழுப்பாக ஒரு பட்டை சீவுங்க. அதன்மேல் வெள்ளைச் சாக்பீஸ் பொடியை விரலால் தேய்த்தால் பெரிய செல்லின் வாயில் பொடி நிரம்பி முன்பருவம் வெளுத்து நிற்கும்.

உறுதியைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் பட்டறைக்காரருக்கு வேணும். "நெருக்க வளையம் என்றால் உறுதி" என்பது பைன், ஸ்புரூஸ் மாதிரி ஊசியிலை மரங்களுக்கு ஓரளவு பொருந்தும், அதுவும் ஒரு எல்லை வரைதான். வளையம் ரொம்பக் குறுகினால் பழுப்புப் பட்டையும் நூல்மாதிரி ஆகி அடர்த்தி திரும்ப இறங்கும். தேக்கில் இந்தக் கணக்கே செல்லாது. தேக்கு வருஷத் தொடக்கத்தில் ஒரு வரிசை பெரிய துளை போடும், அந்தத் துளைப்பட்டை எந்த வருஷமும் பெரிதாகச் சுருங்காது. வளையம் குறுகினால் குறைவது அதற்குப் பிறகு வரும் அடர்ந்த பகுதிதான். அதனால் ரொம்ப நெருக்கமான தேக்கை உயர்ந்தது என்று கூடுதல் விலைக்கு வாங்குவது வீண்.

உசிலைத் தோட்டம்

மூணாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. எனக்குத் தோணுவது இது: குளிர்தான் கட்டிப்போடுகிறது என்றால் சூடு கூடினால் கட்டு அவிழும், அவ்வளவுதானே? கோடை நீளும், மரம் பெருக்கும். காற்றில் கார்பன் டை ஆக்சைடும் கூடுது, அதுவும் இலைக்குச் சாப்பாடு. நம்ம பக்கம் சொட்டுநீர் போட்ட தேக்கு பத்து வருஷத்தில் எப்படி நிக்குது! அங்கேயும் அப்படி ஆகாதா?

வானிலைக் குறிப்பு

உசிலை அண்ணே, நீங்க சொன்ன தேக்கில் வேலை செய்தது சூடு இல்லை, சொட்டுநீர். நமக்கு வெயில் என்றைக்கும் குறைந்ததில்லை, குறைவது தண்ணீர்.

ஒரு ஒப்பீடு. மதுரையில் வருஷ மழை சராசரி 850 மி.மீ. அளவில். சைபீரியாவின் யாகுட்ஸ்க்கில் சுமார் 240 மி.மீ. தான். 240 மி.மீ. மழையில் நம்ம ஊரில் கருவேலம்கூடத் திணறும். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் லார்ச் என்ற ஊசியிலை மரக் காடு. எப்படி? கோடை குறுகியது, ஆவியாதல் குறைவு. அதைவிட முக்கியம், தரைக்கு அடியில் வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண். கோடையில் மேலே ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர் மட்டும் இளகும். அந்தத் தண்ணீர் கீழே இறங்க முடியாமல் உறைமண்மேல் தங்கி வேருக்குக் கிடைக்கிறது. கண்மாய்க்கு அடியில் களிமண் இருக்கிற மாதிரி. சூடு கூடி அந்த உறைமண் ஆழமாக இளகினால் தண்ணீர் கீழே போய்விடும், மேலே காடு காயும். பள்ளமான இடத்தில் நேர் எதிராக, மண் அமுங்கி நீர் தேங்கி வேர் அழுகும், மரங்கள் தாறுமாறாகச் சாயும். ஒரே வெப்ப உயர்வு, மேட்டில் வறட்சி, பள்ளத்தில் சதுப்பு.

மரவளையம்

வானிலைக் குறிப்பு சொன்னதுதான் விஷயத்தின் நடு. மரத்தின் வளர்ச்சியை எது குறைவாக இருக்கிறதோ அதுதான் ஆளும். குளிர் ஆளும் இடத்தில் வெப்பம் கூடினால் வளையம் அகலும். ஒரு கட்டத்துக்கு மேல் ஆட்சி தண்ணீருக்கு மாறிவிடும். அதன்பிறகு கூடும் ஒவ்வொரு டிகிரியும் வளையத்தைக் குறுக்கும்.

அலாஸ்காவின் உள்பகுதியில் நிற்கும் வெள்ளை ஸ்புரூஸ் இதற்கு நேரடிச் சாட்சி. பேர்பேங்க்ஸ் சுற்றுவட்டாரத்தில் வெப்பமான கோடைகளில் அதன் வளையம் குறுகுகிறது. குளிர்ந்த, மழையுள்ள கோடையில் அகலுகிறது. ஆர்க்டிக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு மரம் வறட்சியால் வாடுகிறது என்றால் நம்புவதற்குக் கஷ்டம்தான், வளையம் அப்படித்தான் காட்டுகிறது. பின்லாந்திலேயே வித்தியாசம் உண்டு. வடக்கே லாப்லாந்தில் பைனின் வளையம் ஜூலை வெப்பத்தோடு ஒட்டிப் போகும். தெற்கே வந்தால் கோடைத் தொடக்கத்து மழையும் பேச ஆரம்பிக்கும்.

1960-களுக்குப் பிறகு வடக்கின் பல இடங்களில் வெப்பமானி ஏறிக்கொண்டே போக, வளையமும் பின்பருவ அடர்த்தியும் கூடவே ஏறவில்லை. வரைபடத்தில் ரெண்டின் கோடும் பிரிந்து போகின்றன. வறட்சி ஒரு காரணம். சைபீரியாவின் சில பகுதிகளில் குளிர்காலப் பனி அதிகமாக விழுந்து, உருகத் தாமதமாகி, கேம்பியம் விழிப்பதும் தள்ளிப்போனது இன்னொன்று. எல்லா இடத்துக்கும் ஒரே காரணம் சொல்ல முடியாது.

"கோடை நீளும்" என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. குளிர்நாட்டு ஊசியிலை மரங்கள் அதிவேகமாகக் கட்டை போடுவது பகல் மிக நீண்ட ஜூன் மூன்றாம் வாரத்தை ஒட்டித்தான், வெப்பம் உச்சத்துக்கு வரும் ஜூலையில் இல்லை. செல்லைச் சீக்கிரம் போட்டால்தான் உறைபனிக்கு முன்னால் சுவரைத் தடித்து முடிக்க முடியும். அதனால் செப்டம்பரில் ரெண்டு வாரம் வெதுவெதுப்பாகக் கிடைத்தாலும் பெரிய லாபமில்லை. வெளிச்சம் போயிருக்கும், மரம் கடையைக் கட்டியிருக்கும், சுவாசத்தில் மட்டும் சர்க்கரை செலவாகும். வசந்தம் முந்துவது உதவும்தான், ஆனால் மொட்டு முந்தி அவிழ்ந்தபின் ஒரு ராத்திரி உறைபனி அடித்தால் அந்த வருஷத் தளிர் கருகும்.

கார்பன் டை ஆக்சைடு விஷயம்: குளிர் மண்ணில் சருகு மக்குவது மெதுவாக நடக்கும், நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, பூட்டியே கிடக்கும். சுவீடனின் வடக்கே பிளாக்காலிடென் சோதனைக் காட்டில் உரம் கொடுத்த ஸ்புரூஸ் கொடுக்காததைவிட மிக வேகமாகப் பெருத்தது. கார்பன் டை ஆக்சைடை மட்டும் கூட்டிக் கொடுத்த முதிர்ந்த மரங்களிலோ சொல்லும்படி வளர்ச்சி கூடவில்லை. தழைச்சத்து இல்லாத வயலுக்கு வெயில் கூடினால் என்ன ஆகும் என்று உசிலை அண்ணனுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தாவரவியல் டீச்சர்

வளையம் உயிரோடு நிற்கும் மரத்தைத்தான் காட்டும். செத்த மரத்தைக் கணக்கில் சேர்க்காமல் "காடு வளர்கிறதா" என்று பேசக்கூடாது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப் பைன் வண்டு 1990-களின் பிற்பகுதியிலிருந்து பல லட்சம் ஹெக்டேர் லாட்ஜ்போல் பைனைக் கொன்றது. பட்டைக்கு அடியில் இருக்கும் அதன் புழு சாக, மைனஸ் 35, 40 டிகிரிக் குளிர் சில நாள் நீடிக்கணும். அப்படிப்பட்ட குளிர்காலம் அரிதானதும் வண்டைத் தடுக்க ஆளில்லை. அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் ஸ்புரூஸ் வண்டு ரெண்டு வருஷத்தில் முடிக்கும் தலைமுறையைச் சூடான கோடைகளில் ஒரே வருஷத்தில் முடித்தது. வறட்சியில் மரம் பிசின் சுரப்பது குறையும். துளைக்கும் வண்டைப் பிசினால் தள்ளிவிட முடியாது. 2023-ல் கனடாவில் எரிந்த காடு மட்டும் ஒன்றரைக் கோடி ஹெக்டேர் அளவுக்கு, அதாவது தமிழ்நாட்டின் பரப்பைவிட அதிகம். இதைப் படிக்கும்போது ஒரு நிமிஷம் நின்று நினைச்சுப் பாருங்க.

பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பாடப்புத்தகப் படத்தைக் காட்டிவிட்டு வாசலில் நிற்கும் மரத்தில் வளையம் எண்ணச் சொல்லாதீங்க. பனை, தென்னையில் வளையமே கிடையாது, ஒருவித்திலைத் தாவரம், அந்தக் கேம்பியமே இல்லை. வேம்பு, புளியில் எல்லை அவ்வளவு தெளிவாக இருக்காது. நம்ம பக்கம் நம்பி எண்ணக்கூடியது தேக்கு. கோடையில் இலை உதிர்த்து மழையில் துளிர்ப்பதால் துளை வரிசை பளிச்சென்று தெரியும். அதிலும் ஆடி மழை பெய்து, நடுவில் நீண்ட வறட்சி வந்து, ஐப்பசியில் மறுபடி பெய்தால் ஒரே வருஷத்தில் பொய்வளையம் விழலாம். உண்மை வளையம் மரத்தைச் சுற்றி முழுவட்டமாக ஓடும், எல்லை கூராக இருக்கும். பொய்வளையத்தின் எல்லை ரெண்டு பக்கமும் மங்கிக் கரையும், பல நேரம் பாதி வட்டத்தில் காணாமல் போகும்.

தச்சுப்பட்டறை (திருநகர்)

டீச்சர், அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. பிளேடு முறையில் சீவி, சாக்பீஸ் தேய்ச்சு, கடைக்காரர் ஸ்கேனரில் 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) எடுத்தேன். மொத்தம் 71 வளையம். மையம் பலகையில் இல்லை. உள்பக்கம் முதல் பத்து 1.1 மி.மீ. அளவில், வெளிப்பக்கம் போகப் போக 0.6. நடுவில் ஒரு இடத்தில் தொடர்ந்து அஞ்சு வளையம் மட்டும் 0.3 மி.மீ., அதற்குப் பிறகு பழையபடி 0.7. அந்த அஞ்சில் முதலாவதில் பழுப்புப் பட்டை இருக்கான்னே தெரியலை, வெளிறிப் போய் இருக்கு. குளிரா, வறட்சியா?

மரவளையம்

அருமையாகச் செய்திருக்கீங்க தம்பி. 1200 டிபிஐ-யில் ஒரு புள்ளி 0.021 மி.மீ., அதனால் 0.3 மி.மீ. வளையத்துக்குப் பதினாலு புள்ளி கிடைக்கும், போதும்.

முதலில் உள்ளிருந்து வெளியே 1.1-லிருந்து 0.6 ஆகக் குறைவதை விட்டுவிடுங்க. அது வானிலை இல்லை, வயசு. தண்டு பெருக்கப் பெருக்க அதே அளவு கட்டையைப் பெரிய சுற்றளவில் பரப்பணும், வளையம் தானே மெலியும். ஆய்வில் இந்தச் சரிவுக்கு ஒரு வளைகோடு பொருத்தி, ஒவ்வொரு வளையத்தையும் அந்தக் கோட்டால் வகுத்து, மிஞ்சுவதைத்தான் வானிலையோடு ஒப்பிடுவார்கள். இதைச் செய்யாமல் "அந்தக் காலத்தில் வளர்ச்சி நன்றாக இருந்தது" என்று சொல்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

இனி அந்த அஞ்சு. லென்ஸில் பார்க்க வேண்டியது பழுப்புப் பட்டையைத்தான், அகலத்தை இல்லை.

குளிர்ந்த கோடை என்றால் செல்சுவர் தடிக்க நேரம் கிடைத்திருக்காது. பின்பருவப் பட்டை மெலிந்து வெளிறும், எல்லை நூலாகத் தெரியும். பெருவின் உவாய்னாபுட்டினா எரிமலை 1600-ல் வெடித்த பிறகு வந்த குளிர்ந்த கோடையின் 1601 வளையம் வடக்கு அரைக்கோளத்தின் பல காடுகளில் இப்படி வெளிறிக் கிடக்கிறது. வறட்சி என்றால் வேறு மாதிரி: தண்ணீர் பாதியில் நின்றதும் செல் வாய் சட்டென்று சுருங்கும், வளையம் குறுகினாலும் பழுப்பு நன்றாக அடர்ந்து, வளையத்தில் அதன் பங்கு கூடி நிற்கும். வளரும் காலத்தில் உறைபனி அடித்திருந்தால் நசுங்கி நெளிந்த செல்வரிசை ஒன்று தெரியும்.

உங்க முதல் வளையம் வெளிறியிருப்பதால் வறட்சி என்று சொல்லத் தயங்குவேன். ஆனால் குளிர் என்றும் உடனே சொல்ல மாட்டேன். ஒரே ஒரு குளிர்ந்த கோடை அஞ்சு வருஷத்தைக் குறுக்குவது அரிது. ஊசியிலையைப் பூச்சி தின்றிருந்தாலும் முதல் வளையம் இப்படி வெளிறி, புது இலைத் தொகுதி திரும்ப வரும்வரை நாலஞ்சு வருஷம் மெலிந்தே ஓடும். கிளை முறிவு, பக்கத்து மர நெருக்கடி எல்லாம்கூட அந்தப் பட்டியலில் உண்டு.

அதனால்தான் ஒரு மரத்தை வைத்து வானிலை பேசுவதில்லை. ஒரே காட்டில் குறைந்தது இருபது மரம், மரத்துக்கு ரெண்டு துளைக்குச்சி (மரத்தைத் துளைத்து எடுக்கும் மெல்லிய கட்டைக்குச்சி), தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில். சரிவில் நிற்கும் மரமென்றால் சரிவுக்குக் குறுக்காக எடுக்கணும். சாய்ந்த ஊசியிலை மரம் கீழ்ப்பக்கம் மட்டும் தடித்த, சிவந்த கட்டை போடும், அது அகல வளையமாகத் தெரிந்து ஏமாற்றும். எல்லா மரத்திலும் ஒரே வருஷம் மெலிந்தால் வானிலையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றில் மட்டும் மெலிந்தால் அந்த மரத்தின் சொந்தக் கதை. இப்படி மரத்துக்கு மரம் பொருத்திப் பொருத்தித்தான் லாப்லாந்து ஏரிச்சேற்றில் புதைந்திருந்த பைன்களையும் சேர்த்து 7000 வருஷத்துக்கு மேல் நீளும் தொடர் கட்டியிருக்கிறார்கள்.

உசிலைத் தோட்டம்

தழைச்சத்து உதாரணம் புரிஞ்சுபோச்சு தம்பி, ஒத்துக்கிறேன். இந்தத் துளைக்குச்சியை என் தேக்கில் எடுக்கலாமா? மரம் கெடுமா?

கட்டைக்கணக்கு

விற்கப்போகும் தேக்கில் எடுக்காதீங்க அண்ணே. துளை சின்னதுதான், குச்சி 5 மி.மீ. சொச்சம். ஆனால் அதன் வழியாகப் பூஞ்சை இறங்கி, துளைக்கு மேலும் கீழும் கட்டை கறுத்துப் போகும், அந்த நீளத்துக்கு விலை விழும். பைன் மாதிரி மெதுகட்டை பிசின் விட்டு மூடிக்கொள்ளும், தேக்கு அப்படி இல்லை. துளைக்கும் கருவியும் தேக்கின் வைரத்தில் சிக்கினால் திருகும்போது முறியும். எடுத்தே ஆகணும் என்றால் மூணு புரி உள்ள கருவி வேண்டாம், ரெண்டு புரி உள்ளதை எடுங்க. தேன்மெழுகு தடவி, குச்சியை உருவியதும் கருவியை உடனே திருப்பிக் கழற்றிடணும். உள்ளேயே விட்டுட்டு டீ குடிக்கப் போனால் மரம் இறுக்கிப் பிடிச்சுக்கும். காப்புக்காட்டு மரம் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கையே வைக்கக்கூடாது.

உங்களுக்கு அதைவிடச் சுலபம், கலைத்து வெட்டும்போது கிடைக்கும் அடிக்கட்டை. 5 செ.மீ. கனத்தில் வட்டு அறுத்து, நிழலில் நிறுத்தி வைத்துக் காயவிடுங்க. வெயிலில் போட்டால் மையத்திலிருந்து பிளக்கும், வளையம் அங்கே தவறிப்போகும். நாலு திசையில் எண்ணுங்க. நாலும் ஒத்துவரலை என்றால் எங்கே பொய்வளையம் நுழைந்தது என்று ஒரு வளையத்தைக் கையால் சுற்றிப் பிடிச்சுக்கிட்டே போனால் அகப்பட்டுடும். சொட்டுநீர் போட்ட வருஷத்தை டைரியில் குறிச்சிருந்தால் வட்டில் அந்த இடம் தனியாகத் தெரியும்.

தச்சுப்பட்டறை (திருநகர்)

அதே பாலெட்டில் இன்னும் எட்டுப் பலகை இருக்கு. ரெண்டில் அந்த அஞ்சு மெலிந்த வளையம் இருக்கிற மாதிரி தெரியுது. ஒரே மரமா, வேற மரமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மரவளையம்

எட்டையும் சீவி, ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்ட தாளில் ஒரு துண்டு வெட்டிக்கோங்க. ஒரு கட்டம் ஒரு வருஷம். அகலத்தை எழுத வேண்டாம், பக்கத்து வளையங்களைவிட மெலிந்த வருஷத்துக்கு மட்டும் ஒரு செங்குத்துக் கோடு, எவ்வளவு மெலிசோ அவ்வளவு நீளமாக. பிறகு ரெண்டு தாளை மேலும் கீழுமாக வைத்து நகர்த்துங்க. அஞ்சு மெலிவு மட்டும் பொருந்தினால் போதாது, அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒற்றைக் கோடுகளும் பொருந்தணும். எல்லாக் கோடும், முடிச்சு இருக்கும் இடமும்கூட ஒத்துப்போனால் ஒரே மரம். மெலிந்த வருஷங்கள் பொருந்தி, அகலமும் வயசுச் சரிவும் வேறாக இருந்தால் ஒரே காட்டின் வேறு மரமாக இருக்க வாய்ப்பு. அப்படி ரெண்டாவது மரத்திலும் அந்த முதல் வளையம் வெளிறியிருக்கான்னு பார்த்துப் போடுங்க, அதை வைத்து மேலே பேசலாம். பாலெட் பலகையை எந்தத் திசையில் அறைந்திருப்பார்கள் என்று தெரியாது, அதனால் தாளைத் தலைகீழாகத் திருப்பியும் ஒருமுறை ஓட்டிப் பாருங்க.